வெறியும் கோட்டமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆங்கிலத்தில் 'ரேசிசம்' என்று வழங்குவதைத் தமிழில் எழுதுவோர் 'நிறவெறி' என்றும் 'இனவெறி' என்றும் குறித்துவருகின்றனர். தென்னாப்பிரிக்கச் செய்திகள் வழியாகவும் கறுப்பினக் கவிஞர்களின் மொழிபெயர்ப்புகள் வழியாகவும் இச்சொற்கள் நம் எழுத்தில் நிலைபெற்றுவிட்டன. நல்ல சொற்கள், வேகமுள்ள சொற்கள். ஆயினும் அவற்றின் பின்பாதியைச் சற்றே நின்று நோக்க வேண்டியுள்ளது. வெறி என்பது ஒருவரைப் பற்றிக்கொள்வது. ஏறும், இறங்கும், கண்ணில் தெரியும், குரலில் கேட்கும். இன்னார் வெறிகொண்டார் என்று விரல் நீட்டிக் காட்ட இயலும். விரல் நீட்ட ஆளில்லாத இடத்தில், எவர் குரலும் உயராத இடத்தில், தோலின் நிறத்தால் ஒருவருக்குத் தண்டனை கூடுமாயின் அதற்கு என்ன பெயரிடுவது?

இது சொல்லாராய்ச்சிக்காரரின் பொழுதுபோக்கு அன்று. 1987ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் உயிர் ஏறத்தாழ இந்தக் கேள்வியின்மேல்தான் நின்றது.

அவர் பெயர் வாரன் மெக்கிளெஸ்கி. கறுப்பினத்தவர். ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டாவில் 1978 மே 13ஆம் நாள், மேசை நாற்காலி விற்கும் கடையொன்றில் நால்வர் கொள்ளையிடப் புகுந்தனர். செய்தியறிந்து முன்வாயில் வழியே உள்ளே வந்த வெள்ளையினக் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மெக்கிளெஸ்கியே என்றது அரசுத் தரப்பு. கொள்ளையில் பங்குகொண்டதைக் கைதானபின் அவர் ஒப்புக்கொண்டார். தாம் சுடவில்லை என்றார். பதினொரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் அடங்கிய ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி எனக் கண்டது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. உடன் சென்ற மூவருக்கும் அத்தண்டனை இல்லை. 1970களில் அதே மாவட்டத்தில் காவலரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டோர் 17 பேர். அவர்களுள் மரண தண்டனை பெற்றவர் இவர் ஒருவரே.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும். இது குற்றமற்றவர் ஒருவரின் கதை அன்று. இறந்த காவலர் கடமையில் இருந்தவர்; அவர் வீட்டிலும் அழுகுரல் எழுந்தது. சிறையில் இருப்போரைப் பாடும்போது அனைவரையும் நிரபராதிகளாக்கிவிடும் வழக்கம் நம் கவியரங்குகளில் உண்டு. அது கைதட்டலைத் தரும், கேள்வியை மழுக்கிவிடும். இவ்வழக்கின் கேள்வி வேறு. இதே குற்றத்தை வேறு நிறத்தவர் செய்திருந்தால், அல்லது இறந்தவர் வேறு நிறத்தவராக இருந்திருந்தால், இதே தண்டனை கிடைத்திருக்குமா?

இதற்கு விடை காண முயன்றவர்கள் டேவிட் பால்டஸ் என்னும் சட்டப் பேராசிரியரும், ஜார்ஜ் வுட்வொர்த், சார்லஸ் புலாஸ்கி ஆகிய அவர்தம் துணைவர்களும் ஆவர். 1970களில் ஜார்ஜியாவில் நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளின் கோப்புகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். குற்றவாளிக்கு முன்குற்றம் உண்டா, கொலையோடு கொள்ளையும் சேர்ந்ததா, இறந்தவர் எத்தனை பேர், சாட்சி எத்தகையது என்று, தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய 230 காரணிகளைக் குறித்தனர். கவிதை எழுதுவோருக்கு இது வறண்ட வேலையாகத் தோன்றும். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பிணம் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால் அத்தனை வறட்சியாகத் தோன்றாது.

அவர்கள் கண்டது இது. கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்த வழக்குகளில் நூற்றுக்கு 11 மரண தண்டனையில் முடிந்தன. கொல்லப்பட்டவர் கறுப்பராயின் நூற்றுக்கு 1. இருவர் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிலை இன்னும் தெளிவாகிறது. கறுப்பர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் நூற்றுக்கு 22. வெள்ளையர் வெள்ளையரைக் கொன்றால் 8. வெள்ளையர் கறுப்பரைக் கொன்றால் 3. கறுப்பர் கறுப்பரைக் கொன்றால் 1. 'வழக்குகளின் கொடுமையில் வேறுபாடு இருந்திருக்கலாமே' என்று கேட்கத் தோன்றும். நிறம் சாராத 39 காரணிகளைக் கணக்கிட்டுச் சமன்படுத்திய பின்னரும், வெள்ளையரைக் கொன்றவர் மரண தண்டனை பெறும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றவரின் வாய்ப்பைப் போல் 4.3 மடங்காக நின்றது.

இவ்விடத்தில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றவாளியின் நிறத்தைவிட இறந்தவரின் நிறமே இங்கு அழுத்தமாகப் பேசுகிறது. பாகுபாடு என்றதும் கூண்டில் நிற்பவரைத்தான் நினைக்கிறோம். கூண்டுக்கு வராதவர் ஒருவர் இருக்கிறார். மகனைக் கொலையில் பறிகொடுத்த கறுப்பினத் தாய் அவர். தன் பிள்ளையின் உயிருக்கு அரசு இட்ட விலை என்ன என்பது அவருக்கும் தெரியாது; ஆயிரம் கோப்புகளை அடுக்கிப் பார்த்தவருக்கே தெரியும். மரண தண்டனை வேண்டும், வேண்டா என்ற விவாதம் வேறு. உயிருக்கு உயிர் நிறுக்கப்படுகிறதா என்பது இங்குள்ள விவாதம்.

இந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது? நீதிபதி வெறிகொண்டு கூவினாரா? ஜூரியில் எவரேனும் வசைமொழி பேசினாரா? மெக்கிளெஸ்கி வழக்கில் அவ்வாறு எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. கொலை வழக்கு ஒவ்வொன்றும் பல கைகள் மாறிச் செல்வது. காவல்துறை எவ்வளவு ஊன்றி விசாரிக்கிறது என்பது ஒரு கை. எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது, பேரம் பேசி ஆயுள் தண்டனையோடு முடித்துக்கொள்வதா, மரண தண்டனை கேட்பதா என்று அரசு வழக்கறிஞர் முடிவுசெய்வது இன்னொரு கை. மெக்கிளெஸ்கியின் மாவட்டத்தில் இம்முடிவுக்கு எழுத்து வடிவில் எந்த நெறிமுறையும் இருக்கவில்லை. கறுப்பர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் நூற்றுக்கு 70இல் ஜார்ஜியாவின் அரசு வழக்கறிஞர்கள் மரண தண்டனை கேட்டனர். இருவரும் வெள்ளையராயின் 32. இருவரும் கறுப்பராயின் 15. வெள்ளையர் கறுப்பரைக் கொன்றால் 19. ஜூரித் தேர்வு மற்றொரு கை. மரண தண்டனையை எந்நிலையிலும் விதிக்க மாட்டேன் என்போர் இத்தகைய வழக்குகளில் ஜூரியில் அமர இயலாது. அமெரிக்காவில் மரண தண்டனையை எதிர்ப்போர் கறுப்பரிடையே மிகுதி. ஆகவே நிறம் என்ற சொல்லை எவரும் உச்சரிக்காமலே ஜூரி வெளுக்கிறது. கடைசியில், இறந்தவரின் படத்தைப் பார்க்கும் ஜூரியினர் தம் வீட்டுப் பிள்ளையைப் போன்ற முகத்தைக் காண்கின்றனர், அல்லது காண்பதில்லை. ஒவ்வொரு கையிலும் சாய்வு சிறிதுதான். ஒவ்வொருவரும் இரவில் நிம்மதியாக உறங்கலாம். கூட்டுத்தொகை மட்டும் மின்சார நாற்காலியில் வந்து முடிகிறது.

பழைய ஜார்ஜியாவுக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்பட்டதில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்து அம்மாநிலச் சட்டம், அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற கறுப்பருக்கும் தனிப் பிரிவு, ஏனையோருக்குத் தனிப் பிரிவு என்றே எழுதப்பட்டிருந்தது. வெள்ளைப் பெண்ணைக் கறுப்பர் வன்புணர்ந்தால் மரணம். அதே குற்றத்தைப் பிறர் செய்தால் 2 முதல் 20 ஆண்டுச் சிறை. வன்புணரப்பட்டவர் கறுப்பினப் பெண்ணாயின் அபராதமும் சிறையும், அதுவும் நீதிமன்றத்தின் விருப்பம்போல். எழுத்து அழிந்துவிட்டது. அது கிழித்த தடத்தில் நீர் இன்னும் ஓடுகிறது என்பதே பால்டஸ் குழுவினரின் கணக்கு.

1987 ஏப்ரல் 22ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். பால்டஸ் ஆய்வு சரியானதே என்று வைத்துக்கொண்டே அவர் வாதத்தைத் தொடங்கினார். ஆயினும் மெக்கிளெஸ்கியின் வழக்கில் முடிவெடுத்த இன்னார் நிற நோக்கத்தோடு முடிவெடுத்தார் என்று காட்டப்படவில்லை. ஆகவே முறையீடு நில்லாது என்றார். தண்டனைகளில் வேறுபாடு காணப்படுவது இம்முறையில் தவிர்க்க இயலாதது என்றும், இவ்வாதத்தை ஏற்றால் குற்றவியல் நீதிமுறை முழுவதும் கேள்விக்குள்ளாகும் என்றும், இது சட்டமன்றங்கள் ஆராய வேண்டியது என்றும் எழுதினார்.

பவலின் வாதத்தை எள்ளி ஒதுக்குவது எளிது, ஒதுக்கலாகாது. புள்ளிவிவரம் கூட்டத்தைப் பற்றிப் பேசுவது. தீர்ப்பு தனி மனிதரைப் பற்றியது. நூற்றுக்கு 22 என்னும் எண், இந்த ஒருவர் அந்தச் சாய்வால்தான் தண்டிக்கப்பட்டார் என்று காட்டாது. இது மெய். ஆனால் வேலைவாய்ப்பில் பாகுபாடு என்னும் வழக்குகளில் இத்தகைய எண்களை அதே நீதிமன்றம் ஏற்றுவந்தது. பவலே அதைக் குறிப்பிட்டுவிட்டுத்தான் மரண தண்டனை வழக்கு வேறுவகை என்றார். ஒருவரின் சம்பளத்துக்குப் போதுமான சான்று இன்னொருவரின் உயிருக்குப் போதாமற் போயிற்று.

மாறுபட்டு எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன் ஒரு காட்சியோடு தொடங்குகிறார். மெக்கிளெஸ்கி எப்போதோ ஒருநாள் தம் வழக்கறிஞரிடம், 'எனக்கு மரண தண்டனை கிடைக்குமா?' என்று கேட்டிருப்பார். மறைக்காமல் விடை சொல்வதென்றால் அவருடைய நிறத்தையும் இறந்தவரின் நிறத்தையும் சொல்லாமல் அவ்வழக்கறிஞரால் சொல்லியிருக்க இயலாது என்கிறார். முறை முழுவதும் கேள்விக்குள்ளாகும் என்ற பவலின் கவலையை, நீதி அளவுக்கு மிஞ்சிவிடுமோ என்ற அச்சம் என்று அவர் குறித்தது பின்னாளில் சட்டக் கல்லூரிகளில் பாடமாயிற்று.

நம் அகப்பாடல்களைப் பயின்றோருக்கு இத்தீர்ப்பைப் படிக்கையில் வெறியாட்டுத் துறை நினைவுக்கு வரக்கூடும். மகள் மெலிகிறாள். தாய் வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். முருகன் அணங்கினான் என்று அவன் கழங்கு பார்த்துச் சொல்கிறான். தோழிக்கோ நோயின் காரணம் தெரியும். அது அக்களத்தில் இல்லை. பவலின் நீதிமன்றம் அந்தத் தாயைப் போலவே ஒரு களம் அமைத்து, அணங்கு ஏறிய ஆள் யார் என்று தேடிற்று. ஆள் அகப்படவில்லை, ஆகவே நோயே இல்லை என்று களத்தைக் கலைத்துவிட்டது. தோழியின் இடத்தில் இரண்டாயிரம் கோப்புகள் நின்றிருந்தன.

அணங்கு ஏறிய ஆள் அகப்படும்போது அதே நீதிமன்றம் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் அதே ஜார்ஜியாவில் சான்று உண்டு. அதே 1987இல் ரோம் என்னும் சிற்றூரில் திமதி ஃபாஸ்டர் என்ற கறுப்பின இளைஞர் முதிய வெள்ளைப் பெண்மணி ஒருவரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றார். ஜூரி முழுவதும் வெள்ளையர். தகுதி பெற்ற நான்கு கறுப்பரையும் அரசுத் தரப்பு நீக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் நிறம் சாராத காரணம் சொல்லியிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2006இல், பொது ஆவணச் சட்டத்தின் வழியாக அரசு வழக்கறிஞரின் குறிப்புகள் வெளிவந்தன. ஜூரிப் பட்டியலில் கறுப்பர் பெயர்கள் மட்டும் பச்சை வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. பச்சை என்றால் கறுப்பர் என்று ஓரத்தில் விளக்கமும் இருந்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் ஃபாஸ்டருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

கண்ணகியின் கையில் ஒரு சிலம்பு இருந்தது. உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, மன்னன் தன் பிழையை ஏற்று அவ்விடத்திலேயே வீழ்ந்தான். ஃபாஸ்டருக்குப் பச்சை தீட்டிய தாள் அந்தச் சிலம்பு. மெக்கிளெஸ்கிக்கு உடைத்துக் காட்ட அப்படி ஒன்று இல்லை. அவருக்காக வீழ ஒரு மன்னனும் இல்லை. அல்லது, காலந்தாழ்ந்து ஒருவர் இருந்தார் எனலாம். 1987 ஜூன் மாதமே ஓய்வுபெற்றுவிட்ட பவலிடம் அவர் வரலாற்றை எழுதிய ஜான் ஜெஃப்ரீஸ் 1991இல் ஒரு கேள்வி கேட்டார்: எந்த வழக்கிலேனும் உங்கள் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவீர்களா? பவல் சொன்ன பெயர் மெக்கிளெஸ்கி. ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் அந்த ஒரு வாக்கு போதும். அதே 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் மெக்கிளெஸ்கி மின்சார நாற்காலியில் இருத்தப்பட்டு மாண்டார். பவல் சொன்னது 1994இல் அந்நூல் வெளியானபோது வெளியுலகுக்குத் தெரிந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் முன்னோர் அநீதியைக் கோலின் வளைவாகக் கண்டனர். செங்கோல், கொடுங்கோல் என்னும் இரு சொற்களிலும் நேர்மையும் வளைவும் கோலுக்கு உரியவை. பிடித்த கைக்கு அல்ல. கோல் கோடுதல் என்பது வழக்கு. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று இரண்டு வருகின்றன. உள்ளத்தில் வளைவு இல்லையாயின் சொல்லிலும் வளைவு இராது என்பது அங்குள்ள கருத்து. ஜார்ஜியா எதிர்நிலையில் நிற்கிறது. எவருடைய உட்கோட்டமும் மெய்ப்பிக்கப்படவில்லை. இரண்டாயிரம் வழக்குகளின் முடிவில் சொற்கோட்டம் மட்டும் மலைபோல் தெரிகிறது. வள்ளுவரை மறுத்ததாக எவரும் கொள்ள வேண்டா. அவர் பேசியது ஒரு கோலை ஒரு கை பிடித்த காலத்து நீதி. பல கைகள் பிடித்த கோலில் வளைவு எந்தக் கையாலும் நேராமலே நேர்ந்துவிடுகிறது.

ஆகவே தனி மனிதரிடம் உள்ளதை நிறவெறி என்றும், முறையில் உறைந்துள்ளதை நிறக்கோட்டம் என்றும் பிரித்து வழங்கினால் என்ன? கோட்டம் என்றதும் சென்னையிலுள்ள வள்ளுவர் கோட்டம் நினைவுக்கு வந்து சிலர் முகத்தில் முறுவல் எழுகிறது. அக்கோட்டம் வேறு. வளைவு என்னும் பொருளில் இச்சொல் இன்று அருகிவிட்டது. கவிஞர்கள் எடுத்தாண்டால் மீளும். 'அமைப்புசார் இனவாதம்' என்று இதழ்களில் எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் அது அலுவலகக் கோப்பில் வைக்கும் சொல்லாக இருக்கிறதேயன்றி நாவில் நிற்கவில்லை.

இரண்டும் வேறு என்பதால் ஒன்று மற்றொன்றை மன்னித்துவிடும் என்று பொருளில்லை. 'எல்லாம் முறையின் குற்றம், என்னால் என்ன செய்ய இயலும்' என்று பச்சை தீட்டிய கை தப்பித்துக்கொள்ளவும் கூடாது. 'கெட்டவர் ஒருவரைப் பிடித்துவிட்டோம்' என்று முறை தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளவும் கூடாது. பின்னது மிகவும் நடக்கிறது.

வெறி அறவே இல்லாத கோட்டத்துக்கு இன்னொரு சான்று போதைப்பொருள் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தூள் வடிவக் கொக்கைன் 500 கிராம் வைத்திருந்து விற்றவருக்கு உரிய ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை, 'கிராக்' என்னும் கட்டி வடிவத்தில் 5 கிராமுக்கே கிடைத்தது. பொருள் ஒன்றே, வடிவம் வேறு. கட்டிக்காகத் தண்டிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நூறு மடங்கு என்ற அவ்வேறுபாட்டைப் பதினெட்டு மடங்காகக் குறைக்க 2010 வரை ஆயிற்று. ஒன்றுக்கு ஒன்று என்று ஆக்கவில்லை.

சட்டமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பவல் எழுதினாரல்லவா? சில பார்த்தன. கென்டக்கி 1998இல் ஒரு சட்டம் இயற்றிற்று. வட கரோலினா 2009இல் மரண தண்டனைக் கைதிகள் புள்ளிவிவரத்தைச் சான்றாகக் காட்டலாம் என்றது. 2012இல் முதல் கைதிக்குத் தண்டனை குறைந்தது. 2013இல் சட்டமே நீக்கப்பட்டது. முன்பே முறையிட்டவர்களை அந்த நீக்கம் கட்டுப்படுத்தாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்ல வேண்டியதாயிற்று. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் புள்ளிவிவர ஆய்வொன்றைக் கையில் கொண்டே தன் மாநிலத்து மரண தண்டனை முறையைச் செல்லாதென்றது. கலிஃபோர்னியா 2020இல் இயற்றிய சட்டம் மெக்கிளெஸ்கி தீர்ப்பைப் பெயர் சொல்லி மறுக்கிறது. நோக்கத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லை என்கிறது. அத்தீர்ப்போ உச்ச நீதிமன்றத்தால் இதுவரை மாற்றப்படவில்லை.

இதைக் கேட்கையில் சிலரின் நினைவு வேறு ஊர்களுக்கும் வேறு கோல்களுக்கும் போகக்கூடும். அது அவரவர் உரிமை. இவ்வுரை ஜார்ஜியாவை விட்டு நெடுந்தொலைவு போக விரும்பவில்லை.

கவிஞர்கள் நிறைந்த அவையில் இவ்வளவு எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறியைப் பாடுவது கவிதைக்குக் கைவந்த கலை. 1931இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் கறுப்பின இளைஞர் ஒன்பது பேர் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டபோது லாங்ஸ்டன் ஹியூஸ் சிறைக்கே சென்று அவர்களைக் கண்டார், எழுதினார். அங்கே பொய்சொன்னவர் இருந்தார். கூவிய கூட்டம் இருந்தது. கவிதைக்கு முகங்கள் கிடைத்தன. கோட்டத்துக்கு முகமில்லை, அது பட்டியலாகவும் விழுக்காடாகவும் இருக்கிறது. அதை எவ்வாறு பாடுவது?

கிளாடியா ராங்கின் என்னும் கறுப்பினக் கவிஞர் 2014இல் வெளியிட்ட 'சிட்டிசன்' நூலில் ஒரு வழி கண்டிருக்கிறார். ஒரு பக்கத்தில், கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் நினைவாக அவர்தம் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியுள்ளார். வருணனை இல்லை, சினம் இல்லை. நூல் மறுபடி மறுபடி அச்சாயிற்று. ஒவ்வொரு மறு அச்சிலும் அப்பட்டியலில் புதிய பெயர்கள் சேர்ந்துகொண்டே வந்தன. பெயர்கள் முடிந்த இடத்துக்குக் கீழே, பெயர் எழுத இடம்விட்ட வரிகள் மங்கிய மையில் பக்கத்தின் அடிவரை போகின்றன.